முப்பத்தேழு ஆம்பியர்

சித்திரைக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பானுப்பிரியாவின் கம்ப்யூட்டர் 'டப்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அணைந்து போனது. அச்சங்குளத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் யாரும் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். மாமியார் பொன்மணி கையிலிருந்த கரண்டியோடு வாசலுக்கு ஓடி, பட்டாசு ஆலைகள் இருக்கும் பக்கம் வானத்தைப் பார்த்தாள். புகை இல்லை. அதற்குப் பிறகுதான் கருகல் வாடை தன் வீட்டுக்குள்ளிருந்தே வருவது அவளுக்குத் தெரிந்தது.

"ஒம் பெட்டிதானா," என்று உள்ளே வந்து மூச்சு விட்டாள். "நான் என்னமோ ஏதோன்னு பதறிட்டேன். போகுது போ."

போகுது போ என்று பானுப்பிரியாவால் விட முடியவில்லை. முப்பத்திரண்டு பட்டாசுப் பெட்டிகளுக்கு அட்டைப்படம் செய்யும் வேலை அந்தக் கம்ப்யூட்டருக்குள் பாதியில் நின்றது. வைகாசி பதினைந்துக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். அவள் தன் பெயரில் வாங்கிய முதல் ஆர்டர் அது.

அதற்கு முன்னால் பதினோரு வருடம் அவள் சிவகாசியில் இராமகிருஷ்ணன் என்பவரின் அச்சகத்தில் டிசைனராக இருந்தாள். காலை ஏழு மணி பஸ்ஸில் போவாள், மகள் தூங்கிய பிறகு திரும்புவாள். மயில், குழந்தை, ராக்கெட், தாமரை என்று அவள் கை படாத அட்டை அந்த வட்டாரத்தில் குறைவு. பேச்சு மட்டும் கிடையாது. "அந்தப் பிள்ளை மானிட்டர்கிட்ட மட்டுந்தான் பேசும்" என்று மிஷின் ஆட்கள் கேலி செய்வார்கள். அவள் காதில் விழும். விழாத மாதிரி இருந்துகொள்வாள்.

தை மாதம் வேலையை விட்டாள். மகள் ஒன்றாம் வகுப்பில் இருக்கிறாள், வீட்டிலிருந்தே செய்து பார்க்கிறேன் என்று சொன்னபோது முதலாளி கோபப்படவில்லை. "செஞ்சு பாரும்மா. தோதுப்படலன்னா ஒன் சேரு இங்கனதான் கெடக்கும்," என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த நாற்காலியை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு ஏழு மணி பஸ்ஸின் ஹாரன் சத்தமும் சேர்ந்தே கேட்டது.

சாத்தூரிலிருந்து மெக்கானிக் அழகுராஜா வந்து பெட்டியைக் கழற்றினான். வெடித்தது பவர் சப்ளை. வீட்டுக் கரண்டை வாங்கி உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவுக்குப் பிரித்துக் கொடுக்கிற தகரப் பெட்டி அது. போகிற போக்கில் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. ஹார்டு டிஸ்க் பிழைத்தது பெரிய விஷயம் என்றான்.

"பழைய போர்டு ஒண்ணு எங்கிட்ட கெடக்கு, அத மாட்டித் தாரேன். ஆனா பவர் சப்ளை நல்லதா வாங்கிருங்கக்கா. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா டிஸ்க்கும் போயிரும். அப்புறம் என்னைக் கூப்பிட்டுப் பிரயோசனமில்ல."

"நல்லதுன்னு எதை வச்சுச் சொல்ல?"

"மேல பெருசா 450 வாட், 500 வாட்னு போட்டுருப்பான். அத நம்பாதீக. கீழ பொடி எழுத்துல ஒரு கட்டம் இருக்கும். அதுல பன்னெண்டு வோல்ட்டுக்கு நேரா எத்தன ஆம்பியர்னு பாத்து, பன்னெண்டால பெருக்குங்க. அதான் அசல் பவரு. இந்தா, செத்துப் போன இதப் பாருங்க. மேல 450. கீழ பதினாலு ஆம்பியர். பெருக்குனா நூத்தி அறுபத்தெட்டு. நீங்க போடுற வேலைக்கு இது எப்படித் தாங்கும்?"

பானுப்பிரியாவுக்கு இது சட்டென்று பிடிபட்டது. பட்டாசு அட்டையிலும் அப்படித்தான். பெரிய எழுத்து ஆர்டர் கொடுக்கும் பார்ட்டி ஆசைப்படுவது. பொடி எழுத்து சட்டம் கேட்பது. வெடிமருந்து எத்தனை கிராம், எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் பொடி எழுத்தில்தான் இருக்கும். யாரும் மெனக்கெட்டுப் பொய் சொல்லாத இடம் அது.

மறுநாள் கணவன் முனியராஜ் விருதுநகருக்கு லோடு ஏற்றப் போனான். அவனுடைய வேனிலேயே அவளும் போனாள். மிளகாய் மண்டிகள் இருக்கும் தெருவில், நெடி தாங்காமல் கண்ணைக் கசக்கிக்கொண்டே மணிகண்டராஜின் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்தார்கள்.

"வாங்க வாங்க. உள்ள வந்துட்டா நெடி தெரியாது," என்றார் மணிகண்டராஜ். "நான் இருபது வருசமா தும்மிக்கிட்டேதான் யாவாரம் பாக்கேன்."

பவர் சப்ளை என்றதும் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று மூவாயிரத்து நானூறு. இன்னொன்று ஆயிரத்து நூற்றைம்பது. இரண்டிலும் மேலே 450 வாட் என்று போட்டிருந்தது.

பானுப்பிரியா பேசாமல் இரண்டையும் திருப்பி வைத்தாள். அச்சகத்தில் லேபிள் சரிபார்த்த பழக்கத்தில் குனிந்து பொடி எழுத்தைப் படித்தாள். விலை கூடியதில் பன்னிரண்டு வோல்ட், முப்பத்தேழு ஆம்பியர். பெருக்கினால் நானூற்று நாற்பத்து நான்கு. சரிதான். விலை குறைந்ததைப் பார்த்தாள். அதிலும் முப்பத்தேழு. மற்ற வரிகளையும் விரல் வைத்துப் பார்த்தாள். இருபது, இருபது, மூன்று, கடைசியில் புள்ளி மூன்று. ஒரு எண் கூட மாறவில்லை.

முனியராஜ் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "ரெண்டும் ஒரே சரக்கு," என்று மெதுவாகச் சொன்னான். "பேரு மட்டும் வேற. நம்ம ஊர்ல இல்லாததா?"

அவளும் அதையே நினைத்தாள். ஒரே ஷெட்டில் சுற்றிய சரவெடி நாலு கம்பெனிப் பெட்டியில் நாலு விலைக்குப் போவதை அவன் தினமும் வேனில் ஏற்றுகிறான். உள்ளே இருப்பது ஒன்றாக இருக்கும்போது பெயருக்காக எவனாவது மூன்று மடங்கு கொடுப்பானா?

"வேனுக்குப் பின் டயர் போட்டுரலாம் பானு, மிச்சத்துல," என்றான்.

"போட்டுருங்க," என்றாள் அவள். மனசு லேசாக இருந்தது. ஒரு பொருளைச் சரியாகப் படித்துவிட்ட சந்தோஷம். "இதையே குடுங்கண்ணாச்சி," என்று ஆயிரத்து நூற்றைம்பதைக் கையில் எடுத்தாள்.

எடுத்த பிறகுதான் பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்தாள். கம்பெனிப் பெயருக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு ஒளிப்பொறி. ஏழு முனை. வலது பக்கத்து முனை மட்டும் கொஞ்சம் நீளம்.

அந்த நீள முனையை அவளுக்குத் தெரியும். பூச்சட்டி என்கிற புஸ்வாணத்தின் அட்டைக்காக அவளே வரைந்தது. பேர் எழுத இடம் விட வேண்டும் என்பதற்காக அந்த ஒரு முனையை மட்டும் இழுத்து விட்டிருந்தாள்.

மெல்ல மெல்ல எல்லாம் நினைவுக்கு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், சீசன் நெருக்கடியில் ஒரு ஏஜெண்டு கொண்டுவந்த சில்லறை ஆர்டர். ஏதோ கம்ப்யூட்டர் சாமானுக்குப் பெட்டியும் ஸ்டிக்கரும். போனில் எடுத்த ஒரு படம் மட்டும் அனுப்பியிருந்தார்கள். அதில் பெயர் தெரிந்தது, பின்பக்கக் கட்டம் கலங்கிப் போயிருந்தது. எண் கேட்க வேண்டும் என்று முதலாளியிடம் போய் நின்றாள். "யாரும்மா அதப் படிக்கப் போறா? நெட்டுல இந்த மாதிரி எதாச்சும் கெடக்கும், பாத்துப் போடு. அச்சுப் பிளேட்டு எடுக்க நேரமாச்சு," என்றார் அவர். அவள் தேடினாள். நல்ல கம்பெனிப் பெட்டி ஒன்றின் படம் கிடைத்தது. அதில் இருந்த கட்டத்தை அப்படியே அடித்தாள். பார்க்க வெறுமையாக இருக்கிறதே என்று பூச்சட்டிப் பொறியை எடுத்து முன்பக்கம் ஒட்டினாள். பத்து நிமிட வேலை. அன்று சாயங்காலமே மறந்துவிட்டாள்.

அந்த நல்ல கம்பெனிப் பெட்டிதான் இப்போது பக்கத்தில் மூவாயிரத்து நானூறுக்கு உட்கார்ந்திருக்கிறது. இரண்டு கட்டமும் ஒன்றுபோல் இருக்காமல் வேறு எப்படி இருக்கும்?

"என்ன தங்கச்சி, பில்லு போட்டுரவா?"

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். "இதுல போட்டிருக்க முப்பத்தேழு... அது நான் போட்டது அண்ணாச்சி."

மணிகண்டராஜுக்குப் புரியவில்லை. முனியராஜுக்கும் புரியவில்லை. அவள் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே பேச வேண்டியிருந்தது. கேட்டு முடித்த மணிகண்டராஜ் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நெசமா எத்தன ஆம்பியரு இது?"

"தெரியாது. யாரும் எங்களுக்கு அனுப்பவே இல்ல."

"ஒரு முப்பது, முப்பத்தஞ்சு வித்துருக்கேனே," என்றார் அவர், யாரிடமும் இல்லாமல். பிறகு கொஞ்சம் சுதாரித்துக்கொண்டார். "பெரிசா குறை ஒண்ணும் வரல. டைப்படிக்கிற மிஷினுக்கெல்லாம் ஓடத்தான் செய்யுது."

பானுப்பிரியா விலை கூடிய பெட்டியைப் பார்த்தாள். அதன் பொடி எழுத்தையும் எங்கேயோ ஒரு அச்சகத்தில் ஒருத்தி உட்கார்ந்து அடித்திருப்பாள். அவளுக்கு எண்ணைக் கொடுத்தார்களோ, இல்லையோ. எழுத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் தைரியம் பானுப்பிரியாவுக்குப் போய்விட்டது. இனி எதை வைத்துச் சொல்வது?

அவள் ஊர்ப்பக்கம் பட்டாசுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்க்காரர்கள் பெட்டிப் படத்தைப் பார்த்து வாங்குவார்கள். உள்ளூர்க்காரர்கள் அதைப் பார்ப்பதில்லை. அதைச் செய்த ஆலை முதலாளியின் வீட்டுப் பிள்ளைகள் தீபாவளிக்கு எதைக் கொளுத்துகிறார்கள் என்று வாட்ச்மேனிடம் விசாரிப்பார்கள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா வித்தியாசமா எடுத்துக்கக் கூடாது. நீங்க பில்லு போடுற கம்ப்யூட்டர்ல எது மாட்டியிருக்கீக?"

மணிகண்டராஜ் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "பட்டாசுக்காரப் பிள்ளைங்கிறது சரியாத்தான் இருக்கு." மேஜைக்கு அடியில் குனிந்து, பக்கத் தகடு இல்லாமல் தூசி படிந்து கிடந்த கம்ப்யூட்டரை முன்னால் இழுத்துத் திருப்பினார். ஸ்டிக்கர் வெளுத்துப் போயிருந்தது. ஆனால் கம்பெனிப் பெயர் தெரிந்தது. மூவாயிரத்து நானூறுக்காரன்தான்.

"ஆறு வருசமாச்சு. இந்தத் தெருவுல கரண்டு ஏறி எறங்குறதுல ரெண்டு ஃபேனு, ஒரு ஃப்ரிட்ஜு போயிருக்கு. இதுக்கு ஒண்ணும் ஆகல. பில்லு நின்னா கடையே நின்னுரும்ல, நானே எப்படி மத்ததப் போடுவேன்?"

"எங்களுக்கு மட்டும் போடுவீகளாக்கும்," என்றான் முனியராஜ்.

"நீங்க விலை கம்மியா கேட்டா நான் என்ன மாப்ள செய்ய? அஞ்சு வருச வாரண்டி எழுதித் தாரேன், இத எடுத்துட்டுப் போங்க." மற்றப் பெட்டியை அலமாரியில் வைக்கப் போனவர், வைக்காமல் நின்றார். "இனிமே கேக்குறவககிட்ட, லேசான வேலைக்கு மட்டும்தான்னு சொல்லித்தான் குடுக்கணும். ஆனா எம்புட்டு லேசுன்னு கேட்டா என்ன சொல்ல?"

பானுப்பிரியா மூவாயிரத்து நானூறை மேஜை மேல் எண்ணி வைத்தாள்.

வேனில் வரும்போது முனியராஜ் டயர் பேச்சை எடுக்கவில்லை. சாத்தூர் தாண்டும்போது மட்டும், "பத்து நிமிசத்துல செஞ்ச வேலைன்னு சொன்ன. எம்புட்டு ஊருக்குப் போயிருக்கு பாரு," என்றான். குற்றம் சொல்லும் குரல் இல்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அழகுராஜா வந்து மாட்டிக் கொடுத்தான். கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் எழுந்தது. பாதியில் நின்ற அட்டைகள் அப்படியே இருந்தன. வேலை பழையபடி ஓட ஆரம்பித்தது. வைகாசி பத்தாம் தேதிக்குள் படங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பின்பக்கத்தைப் படித்தாள். பொடி எழுத்துக்கள் எல்லாம் இடத்தில் இருந்தன. ஆனால் பதினோரு அட்டையில் மருந்தின் எடையை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. இடம் காலியாகத் தெரிய வேண்டாம் என்று அச்சகத்தில் செய்த போன வருடத்துப் பழைய ஃபைலிலிருந்து அவளே எடுத்துப் போட்டிருந்தாள். போட்டது ஞாபகம்கூட இல்லை. கை தானாகச் செய்திருக்கிறது.

பட்டாசுக் கம்பெனி மேனேஜர் கதிரவனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, பதினோரு ஐட்டத்துக்கு மருந்து எடை வரல."

"பழைய பெட்டியில இருக்குமே, அதப் போட்டு அனுப்பு. யாரு படிக்கப் போறா?"

அதே வார்த்தை. அவள் திரையில் இருந்த பொடி எழுத்தை இன்னொரு தடவை படித்தாள்.

"ஹலோ, இருக்கியா?"

"இருக்கேண்ணே. படிக்கிறவங்க இருக்காங்க. ஃபோர்மேன்கிட்ட கேட்டுச் சொல்லுங்க. சொன்ன பத்தாவது நிமிசம் அனுப்பிருவேன்."

"இந்தா பாரு தாயி, பதினஞ்சாம் தேதி தாண்டிச்சுன்னா மொதலாளி வேற ஆளப் பாத்துருவாரு. புதுசா தொழில் ஆரம்பிச்சிருக்க, ஒன் நல்லதுக்குச் சொல்றேன்."

அவளுக்கு அச்சகத்து நாற்காலி கண்ணில் வந்து போனது. "இருபத்தொண்ண இப்பவே அனுப்புறேன்," என்றாள். "பதினொண்ணு ஒங்க எடை வந்ததும் வரும்."

கதிரவன் போனை வைத்துவிட்டார். அவள் பதினோரு அட்டையிலும் பழைய எண்ணை அழித்தாள். அழித்த இடம் வெள்ளைக் கட்டமாக, பார்க்கவே சங்கடமாக இருந்தது. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று மூன்று நாள் போனது. போன் அடிக்கும்போதெல்லாம் பொன்மணிதான் முதலில் எட்டிப் பார்த்தாள். "அவுகதானா?" இல்லை. தானே கூப்பிடலாமா என்று பானுப்பிரியா போனை எடுத்து எடுத்து வைத்தாள்.

பதினான்காம் தேதி மத்தியானம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கரி விரல் தடம் பதிந்த ஒரு தாளில் ஃபோர்மேன் பென்சிலால் எழுதிய எண்கள். கீழே கதிரவன், 'நானே ஷெட்டு ஷெட்டா அலைஞ்சு வாங்குனேன். அடுத்த ஆர்டருக்கு முன்னாடியே கேட்டுரு' என்று எழுதியிருந்தார்.

அவள் தாளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக அடித்தாள். பழைய எண்ணோடு ஒத்துப்போனது பதினொன்றில் இரண்டுதான். கடைசியாக இருந்தது பூச்சட்டி. அதில் அவளுடைய மஞ்சள் பொறி, ஏழு முனையோடு. கீழே போன வருடம் இருந்ததைவிட ஆறு கிராம் கூடுதல். அதை அடித்து, இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள்.