சிவப்பு வராத திரை

நாற்பத்தாறு வயதில் ஒரு வீடியோ கேம் மெஷின் வாங்கியிருக்கிறேன். சிரிக்காதீர்கள்! பீரோ உயரத்தில், நின்றுகொண்டே விளையாடுவோமே... அதேதான். கன்னியாகுமரியில் ஒரு கேம் கடையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போய், மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிளக்கைச் செருகினால் படம் வருகிறது. சிவப்பு மட்டும் வரவில்லை. சிவப்புச் சட்டை ஹீரோ கறுப்புச் சட்டையில் ஓடுகிறான். வெள்ளை எழுத்தெல்லாம் நீலப்பச்சை.

இந்தப் பழைய பிக்சர் டியூப் மானிட்டரை இன்று யார் தொடுவார்கள்? அருமனை என்ற ஊரில் வில்சன் இருக்கிறான். என்னோடு பத்தாவது வரை படித்தவன். ஒரே அறைதான் — ஒரு பக்கம் அவனுடைய டிவி ரிப்பேர், மறுபக்கம் மனைவி ரோஸ்லினின் தையல் மெஷின்.

வில்சன் ரொம்பக் கவனமான ஆள். ரெசிஸ்டரின் கலர் வளையங்களைப் பார்த்தே மற்ற மெக்கானிக்குகள் மதிப்பைச் சொல்லிவிடுவார்கள். இவன் ஒவ்வொன்றையும் மீட்டர் வைத்து அளப்பான். ரிப்பேர் முடிந்ததும் செட்டுக்காரரை ஸ்டூலில் உட்காரவைத்து, "நல்லா பாருங்க, கலரு திருப்திதானா?" என்பான். என்ன பணிவு என்று ஊரே மெச்சும்.

மெஷினை அங்கே கொண்டுபோனேன். என்னையும் உட்காரவைத்தான். மானிட்டருக்கு வரும் சிவப்பு வயரையும் பச்சை வயரையும் இடம் மாற்றினான். "இப்ப சிவப்பு வருதா மக்கா?"

வரவில்லை. ஹீரோவின் கறுப்புச் சட்டை பச்சையாகியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் எனக்கு அன்று குறும்பு. "நீயே வந்து பாரேன்" என்றேன்.

வந்தான். வெகுநேரம் பார்த்தான். "செரி ஆயிட்டே..." என்றான்.

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

தையல் மெஷின் நின்றது. ரோஸ்லின் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். பிறகு அவனை. மெதுவாகக் கேட்டாள் — "உங்களுக்கு சிவப்பு தெரியாதா?"

"தெரியாதுட்டி."

அந்த நிமிடம் நான் அங்கே இல்லாமல் போனால் தேவலை என்றிருந்தது.

கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ரயில்வே பரீட்சையில நான் பாஸாக்கும். கண் டெஸ்ட்டுலதான் தள்ளிட்டாங்க. வீட்டுல பரீட்சையே தோத்துட்டேன்னு சொல்லிட்டேன்."

"எனக்கிட்டயாவது சொல்லியிருக்கப்படாதா?"

"கலரு தெரியாத டிவி மெக்கானிக்கு... யாரு செட்டு கொண்டு வருவா? உங்க அப்பாதான் பொண்ணு தந்திருப்பாரா?"

ரோஸ்லின் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பதினெட்டு வருசம். கொண்டுவர்ற நூலெல்லாம் வேற கலருன்னு உங்கள எத்தனை ஏச்சு ஏசியிருக்கேன். ஒருநாள் கண்ணு இருக்கான்னுகூட கேட்டேனே..."

"அதுக்கென்ன, விடு" என்றான் அவன்.

அவள் விடவில்லை. என்னை ஸ்டூலிலிருந்து எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தாள். "நீங்க பின்னால போங்க. நான் சொல்லுதேன்."

வயரை மாற்றியும் சிவப்பு வரவில்லை என்றால் கேம் போர்டில் குறை இல்லை, மானிட்டரில்தான் என்றான் வில்சன். டியூபின் கழுத்தில் செருகியிருக்கும் சின்ன போர்டை ஒரு பிளாஸ்டிக் குச்சியால் லேசாகத் தட்டினான்.

"இல்ல... இல்ல... வந்துட்டு! போச்சு... இந்தா, திரும்ப வந்துட்டு!"

சால்டரில் விரிசல். மெஷினை ஆஃப் செய்து, போர்டைக் கழற்றி, பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தான். திரும்ப ஆன் செய்தபோது ஹீரோ சிவப்புச் சட்டையில் ஓடினான்.

"ஏட்டி, நிச்சயமா சிவப்புதானா?" பின்னாலிருந்து குரல்.

"மிளகாய்ப் பழம் மாதிரி இருக்கு. வந்து பாருங்க" என்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வில்சன் தலையை நீட்டினான். "நீ பாத்தா போதும்" என்றான்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். கடையில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். வில்சன் ஒரு வயரைத் தூக்கிப் பிடித்து, "ரோஸ்லினே, இது பச்சையா சிவப்பா?" என்கிறான். தெருவுக்கே கேட்கிறது! ரிப்பேருக்கு வந்த ஒருவரும் எழுந்து போகவில்லை.

சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்று மறைக்கிறோம். யாரிடமிருந்து? நம்மைத் தாங்கிப் பிடிக்க வேண்டியவரிடமிருந்தே.

என்னிடமும் அப்படி ஒன்றிரண்டு உண்டு. இங்கே எழுத முடியாது — பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை என் மனைவி தவறாமல் படிக்கிறாள்.