டீச்சர் தன் வாயால் பேசிய படம்

"நீ என் தாயே இல்லை!" என்று கொழும்பின் காலி வீதி நெரிசலில், வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால், நான் சிங்களத்தில் கத்தினேன். காரின் பின் இருக்கையிலிருந்து டீச்சர் திருப்பிக் கத்தினார்: "அப்படியென்றால் இந்த வீட்டை விட்டுப் போ!" பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. போக்குவரத்துப் பொலிஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். நாலு பேர் முன்னால் பெயர் கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஆள் நான், சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. டீச்சர்தான் சிரித்தபடி, "ஒன்றுமில்லை மாத்தயா, நடித்துப் பழகுகிறோம்" என்றார். பொலிஸ்காரர் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனார். ஒரு காலத்தில் ஊரெல்லாம் சுவரில் ஒட்டியிருந்த முகம் அது.

எங்களுக்கு அவர் டான்ஸ் டீச்சர். கடற்பக்க ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடி வீட்டில், தமக்கையோடு இருந்தார். முன்னறையில் பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லிக் கொடுத்தார். நான் துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனைக்காரன், வாடகைக் கார் ஓட்டுகிறவன். அவரை அரங்கேற்றங்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பல வருடம் கூட்டிப் போனவன். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஆட வந்த இளம்பெண்ணை மேடையில் கண்ட ஒரு தயாரிப்பாளர், சிங்களப் படமொன்றில் கோயில் நடனத்துக்குக் கூப்பிட்டாராம். அடுத்த படத்தில் அவர் கதாநாயகி. சுவரொட்டியில் சிங்களப் பெயரும் வைத்தார்கள். ஆனால் பேசினால் யாழ்ப்பாணம் தெரிகிறது என்று, எல்லாப் படத்திலும் வேறு பெண்களைக் கொண்டு பேசவைத்தார்கள். பாட்டும் வேறு யாரோ. "காலும் கண்ணும்தான் தம்பி என்ர. வாய் ஆரோடையோ" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார். தன் பழைய படம் தொலைக்காட்சியில் போனால் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டுத்தான் பார்ப்பார் என்று தமக்கை ஒருநாள் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சுக்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

படங்கள் நின்று வெகுகாலத்துக்குப் பின்னால் ஒரு இளம் இயக்குநர் அவரைத் தேடி வந்தார். மலைநாட்டுப் பெரிய சிங்களக் குடும்பத்து அம்மா வேடம். படம் முழுக்க வரும் வேடம். இந்தப் படத்தில் நடிக்கும்போதே குரலையும் பதிவு செய்வதாக ஏற்பாடு, டீச்சரே பேசவேண்டும். அன்று படியிறங்கி வந்தவருடைய நடையே வேறாக இருந்தது.

"தம்பி, நீர் சிங்களம் தண்ணி மாதிரிக் கதைக்கிறீர். எனக்குச் சொல்லித் தாரும்."

"ஐயோ டீச்சர், நான் அஞ்சாம் வகுப்போட நின்னவன்."

"நான் என்ன சோதினையோ எழுதப் போறன்? நீர் கதையும், நான் கேக்கிறன்."

வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். நான் எழுத்துக் கூட்டி வாசித்து, பிறகு என் வாய்க்கு வந்தபடி பேசிக் காட்டுவேன். டீச்சர் கண்ணை மூடிக் கேட்பார். ஜதி பிடிக்கிறவரைப் போல இருக்கையின் முதுகில் விரலால் தாளம் தட்டுவார். கண்ணைத் திறந்ததும் நான் சொன்னது அப்படியே வரும். நான் எங்கே மூச்சு விட்டேனோ அங்கே மூச்சு, எங்கே இழுத்தேனோ அங்கே இழுப்பு. அவருடைய படிப்பே அதுதான். குருவின் கை போனபடி கை போகவேண்டும். மகன், கணவன், வக்கீல் எல்லோராகவும் நானே பேசினேன். என் மனைவியிடம்கூட அவ்வளவு பேசியதில்லை.

படப்பிடிப்பு ஹெவ்லொக் டவுனில் ஒரு பழைய பெரிய வீட்டில் நடந்தது. கண்டிச் சேலை கட்டி, தலையை நிமிர்த்தி டீச்சர் படியில் இறங்கி வந்தபோது வேலையாட்கள்கூட அசையாமல் நின்றார்கள். அப்புறம் வாயைத் திறந்தார். மகனை வீட்டை விட்டுப் போகச் சொல்லும் வசனம். ஒரு பிழை இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. விளக்குப் பிடித்த பையன்தான் முதலில் சிரித்தான். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும். இயக்குநர் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. "அம்மே, இது கொட்டாஞ்சேனை மீன் கடைச் சிங்களம். எங்கே படித்தீர்கள்?" என்றார். டீச்சர் கையை நீட்டி என்னைக் காட்டினார். "அவர்தான் என் குரு." அந்த வீட்டில் இருந்த அத்தனை கண்ணும் என் பக்கம் திரும்பியது. காருக்கடியில் நுழைந்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

சாப்பாட்டு நேரத்தில் இயக்குநர் தானே தட்டை எடுத்து வந்து அவர் பக்கத்தில் இருந்தார். நல்ல பிள்ளை. நீங்கள் நடியுங்கள் அம்மே, குரலைப் பிறகு வேறொருவரை வைத்துப் போட்டுக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது என்றார். டீச்சர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். கடைசியில் கேட்டார்: "நான் பேசுவது மாதிரிப் பேசுகிறவர் இந்தக் கதையில் யாராவது இருக்கிறார்களா?" இயக்குநர் யோசித்தார். வாசலுக்கு வருகிற மீன்காரி ஒருத்தி இருக்கிறாள், இரண்டு காட்சி, இன்னும் ஆள் போடவில்லை என்றார். "அப்ப அது எனக்கு." அது வேடமே இல்லை, பெயர்கூட வராது என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். டீச்சர் எழுந்து கண்டிச் சேலையைக் கழற்றப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது நான் பொறுக்கமாட்டாமல், "என்னாலதானே டீச்சர், பெரிய பாத்திரம் போயிடுச்சு" என்றேன். "விசர்க்கதை கதையாதையும். அந்தப் பெரிய வேசமெல்லாம் நான் போட்டுப் பாத்ததுதான். வாய் அசைச்சு அசைச்சு அலுத்துப் போச்சு" என்றார். வீட்டில் தமக்கைதான் கொதித்தார். "இவ்வளவு காலம் ஆடிப்போட்டு, கடைசியில மீன்காரியோ? யாழ்ப்பாணத்தில ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"மீன் நல்ல பச்சையா இருக்குதெண்டு சொல்லுவினம், அக்கா."

டீச்சர் இப்போது இல்லை. விடுமுறை நாட்களில் அவருடைய பழைய படங்களைத் தொலைக்காட்சியில் போடுகிறார்கள். என்ன இனிமையான குரல் என்று எங்கள் தெருவில் சொல்கிறார்கள். நான் திருத்துவதில்லை. மீன்காரி வந்த படத்தை யாரும் திரும்பப் போட்டு நான் பார்க்கவில்லை.

அந்தப் படம் வந்தபோது டீச்சர் தமக்கையையும் என்னையும் தியேட்டருக்கு அழைத்துப் போனார். கூடையை இறக்கி வைத்து, பெரிய வீட்டு அம்மாவை "நோனா, நோனா" என்று கூப்பிட்டு மீன்காரி விலை பேசத் தொடங்கியதும் சனம் ஆரவாரித்துச் சிரித்தது. நான் மெல்லத் திரும்பிப் பார்த்தேன். டீச்சர் வாயை இறுக மூடிக்கொண்டு, இருட்டில் அசையாமல் இருந்தார். மண்டபம் முழுக்க அவருடைய குரல்.

படம் முடிந்து வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றோம். தன் முகத்தை யாரும் கண்டுபிடிக்கக் கூடாதென்று டீச்சர் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டு, வீதியைப் பார்த்தபடி நின்றார். குடைக்காரனிடம் சிங்களத்தில் என்ன விலை என்று கேட்டார், அவ்வளவுதான். பின்னால் நின்ற ஒரு சிங்களப் பெண் துள்ளித் திரும்பினாள். முகத்தைக் காணவே இல்லை, குரலைக் கேட்டே, "அடே, மீன்கார அக்கா!" என்று கூவினாள். ஆட்கள் சூழ்ந்துவிட்டார்கள். தமக்கை வெட்கத்தில் என் முதுகுக்குப் பின்னால் போனார். டீச்சர் தலைப்பை இறக்கினார். இடுப்பில் கையை வைத்து, எங்கள் தெருவின் இழுப்பு ஒன்றும் குறையாமல், அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார்:

"மீன் முடிஞ்சுது நோனா. நாளைக்கு விடிய வா."