அந்தமானில் சீக்கிரம் இருட்டிவிடும்

நாங்கள் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் அம்மா எதையும் வாயில் போட மாட்டார். எனக்கு அந்தக் கட்டுப்பாடு வேலைக்குப் போனதோடு விட்டுப்போனது.

போன ஜனவரியில் மனைவி, மகளோடு அம்மாவையும் அந்தமானுக்கு அழைத்துப்போனேன். போன அன்றே நாங்கள் மூவரும் ஸ்நார்கெலிங் செய்யக் கடலில் இறங்கினோம். அம்மா சப்பாத்தி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பது அவர் ஆசை.

ஒருமுறை நான் தலையைத் தூக்கியபோது, அம்மா கையசைத்துக் கூப்பிட்டார். காஞ்சிபுரம்போல இங்கும் ஆறு மணிக்கு மேல் வெளிச்சம் இருக்கும் என்று நினைத்து, பொறுங்கள் என்று கைகாட்டிவிட்டு மறுபடி மீன் பார்க்கக் குனிந்தேன். கரையேறியபோது மணி ஐந்தரைகூட ஆகவில்லை. சூரியன் போயிருந்தது.

"நீங்க சாப்பிடுங்கப்பா. நான் விடிஞ்சதும் சாப்பிட்டுக்கறேன்."

"ஒரு நாள் இருட்டுல சாப்பிட்டா என்னம்மா ஆயிடும்?" என்று கத்தினேன். பிறகு அவர் எதிரிலேயே மூவரும் டப்பாவைக் காலி செய்தோம்.

விடிந்தபோது அம்மாவுக்குப் பக்கவாதம். பட்டினியால் வந்ததல்ல என்றார் டாக்டர். நான் இன்னும் நம்பவில்லை.

இப்போது மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் சாப்பாடு. சுகர் இருப்பதால் இரவு எட்டு மணிக்கும் கொடுத்தாக வேண்டும். ஜன்னலைச் சாத்தி, எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டுக் கஞ்சியை ஊற்றுகிறேன். அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. அசைகிற ஒரே கையைத் தூக்கி வேண்டாம் என்கிறார்.

அன்று கரையிலிருந்து என்னைக் கூப்பிட்ட கை அது.