ஒன்பது மணித்தியாலம் பாடும் பெட்டி

பாட்டுப் பெட்டி வாங்க வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குச் சத்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதைச் சொன்னால் என் வியாபாரம்தான் கெடும், ஆனாலும் சொல்கிறேன். கையில் எடுப்பார்கள், சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றுவார்கள். பக்கத்துக் கடைக்காரன் திரும்பிப் பார்த்தால் அது நல்ல பெட்டி. எத்தனை காலம் இருக்கும் என்று கேட்பார்கள். பத்து வருடம் என்பேன், வாய் கூசாமல். அவர்களும் நம்பியது போலத் தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். கண்டி பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் பதினேழு வருடமாக என் பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது. என் பெயர் நஸீம், ஊர் மடவளை.

மார்கிரட் அக்கா அந்தத் தொண்ணூறு பேரில் சேரமாட்டார். கண்டியில் என்னைவிட நன்றாகப் பெட்டி பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஹந்தானை மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு கடைக்கு வந்தார். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. ஒடிசலான உடம்பு, கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து, ரப்பர் பட்டி போட்டுக் கட்டிய ஒரு செத்த பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதே மாதிரி ஒண்ணு வேணும் மொதலாளி."

அந்த மாதிரி வருவது நின்று இரண்டு வருடமாகியிருந்தது. வேறொன்றைக் காட்டினேன். அதன் பொத்தான்கள் ஒவ்வொன்றையும் இருபது தரமாவது அமுக்கிப் பார்த்தார். சத்தத்தைக் கூட்டவே இல்லை. குறைத்துக் குறைத்து, கேட்குமா கேட்காதா என்ற இடத்துக்குக் கொண்டுபோய்க் காதோடு ஒட்டி வைத்தார். "கொறஞ்ச சத்தத்துல பாட்ட முழுங்குது" என்றார். பின்பக்க மூடியைக் கழற்றிப் பற்றரியை மோந்து பார்த்தார். அதுவரைக்கும் நான் பொறுத்துக்கொண்டுதான் நின்றேன். பிறகு பெட்டியை இடுப்பு உயரத்தில் பிடித்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையை விட்டார். சீமெந்துத் தரையில் விழுந்து மூலை தெறித்துப்போனது.

"என்ன பைத்தியமா உங்களுக்கு?" என்று கத்தினேன். "சாமான ஒடச்சா யாரு சல்லி கட்டுற?"

"ஏசாதீங்க மொதலாளி. எம் மகன் எப்படியும் கீழ போடுவான். இங்க ஒடஞ்சா ஒரு பெட்டிதான் போச்சு. அங்க ஒடஞ்சா எனக்கு ஒரு நாளே போச்சு."

உடைத்ததற்குக் காசை எண்ணி வைத்துவிட்டுத்தான் மகனைப் பற்றிச் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மகன் பெயர் எஸ்ரன். அப்போது இருபத்திரண்டு வயது, ஆள் என்னைவிட உயரம். பிறந்ததிலிருந்து பேச்சு இல்லை. தகப்பன் கொழும்புக்கு வேலைக்குப் போனவர், பிள்ளைக்கு ஏழு வயதானபோது வருவதை நிறுத்திக்கொண்டார். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைத்தான் பார்ப்பார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்திருக்கும் ஓர் இல்லத்தில் போய்க் கேட்டிருக்கிறார், வளர்ந்த ஆண்பிள்ளைகளுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஆகவே காலை ஏழு மணிக்கு தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் தங்கள் காம்பராவில் மகனை உட்கார வைத்து, பெட்டியைப் போட்டுக் கையில் கொடுத்து, கதவை வெளியே பூட்டிவிட்டு அக்கா மலைக்குப் போவார். பெட்டியைப் போடவோ நிறுத்தவோ அவனுக்குத் தெரியாது. பதினொரு பாட்டு, ஒரே வரிசையில், திரும்பத் திரும்ப. பாடும்வரை அவன் அசையமாட்டான். நின்றால் கத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதுவான். லயத்திலிருந்து யாராவது மலைக்கு ஓடிவந்து சொல்வார்கள். அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடுவார். அன்றைக்கு அரைப் பேர்தான் விழும், அதாவது அரைநாள் சம்பளம். மாலை நாலு மணிக்கு அவர் வந்து அவன் தலையில் கையை வைத்தால் போதும், பெட்டியைத் தானாகவே விட்டுவிடுவான். அக்கா கடைக்கு வந்து போகும் ஓரிரு மணித்தியாலத்துக்கு மட்டும் லயத்தில் யாராவது அவனோடு இருப்பார்கள்.

"ஏழுலேருந்து நாலு வரைக்கும். எனக்கு ஒம்பது மணித்தியாலம் வேணும், அவ்வளவுதான்" என்றார்.

"புள்ளயப் பூட்டி வெச்சிட்டா போறீங்க?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி.

"வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தால் சொல்லட்டும் என்றுதான் கேட்டார்.

கடையில் இருந்ததிலேயே நல்ல பெட்டியை அவருக்காக எடுத்து வைத்தேன். பழைய பெட்டியிலிருந்த பாட்டுச் சிப்பை அதில் போட்டு, அடுத்த நாள் கடை திறந்தது முதல் பூட்டும் வரை ஓடவிட்டேன். அந்தப் பதினொரு பாட்டும் பின்னேரத்துக்குள் என் மூளைக்குள் புகுந்து குடியேறிவிட்டன. ஒன்பதரை மணித்தியாலம் பற்றரி தாங்கியது. குறைந்த சத்தத்திலும் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் கேட்டது. ஒரு கிழமை வேலைக்குப் போகாமல் மகனோடு இருந்துவிட்டு, அடுத்த ஞாயிறு வந்து, தரையில் போட்டும் பார்த்துவிட்டு அக்கா வாங்கிக்கொண்டு போனார். பெரிய நன்மை செய்துவிட்ட எண்ணத்தில் நான் இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே அக்கா கடை வாசலில் நின்றார். கையில் அதே பெட்டி. மகனுக்கு நெற்றியில் நாலு தையலாம்.

"அவன் ஏத்துக்கல்ல தம்பி" என்றார். முதலாளி என்று கூப்பிடுவதை அன்றோடு விட்டுவிட்டார். பாட்டைப் போட்டதும் காதைப் பொத்திக்கொண்டு கத்தினானாம். வீடு முழுக்கத் தவழ்ந்து தவழ்ந்து பழைய பெட்டியைத் தேடினானாம். பழைய பெட்டியின் ஸ்பீக்கர் கடதாசி எத்தனையோ வருடமாகக் கிழிந்து கிடந்தது, தாழ்ந்த சத்தம் வரும்போதெல்லாம் கர்ரென்று அதிரும். அவனுக்கு அந்தக் கர்ரும் சேர்ந்ததுதான் பாட்டு. "நீங்க குடுத்தது நல்ல சத்தந்தான். அவனுக்கு அது வேற யாரோ."

இத்தனை வருடம் சத்தத்தை விற்றவனுக்கு நல்ல சத்தம் ஒரு பிள்ளையின் மண்டையை உடைக்கும் என்று தெரியவில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. குண்டூசியை எடுத்துப் புதுப் பெட்டியின் ஸ்பீக்கரைக் குத்திக் கிழித்தேன். அக்கா காதை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். கொஞ்சம் மணலைப் போட்டேன். அதுவும் இல்லை. கடைசியில் கடையிலேயே கிடந்த பழைய பெட்டியைப் பிளந்து, அந்தக் கிழிந்த ஸ்பீக்கரையே கழற்றி, புதுப் பெட்டிக்குள் வைத்து ஈயம் பற்றவைத்தேன். பாட்டைப் போட்டதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "இதான்" என்றார்.

மனம் கேட்காமல் அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு ஹந்தானைக்குப் போனேன். எனக்காக அக்கா அரைப் பேரோடு இறங்கிவந்து கதவைத் திறந்தார். சுவரில், ஆள் உட்கார்ந்தால் தலை படும் உயரத்தில், பழந்துணி அடைத்த சாக்குகளை வரிசையாக ஆணியடித்து வைத்திருந்தார். எஸ்ரன் தரையில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்து, ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தான். அவன் பாதிப் பாட்டைக் கையால்தான் கேட்டான். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு மூன்று பிள்ளைகள், மூன்று பேரும் ஓயாமல் வாயடிப்பார்கள். அன்றிரவு நான் யாரையும் ஏசவில்லை.

அதற்குப் பிறகு மூன்று பெட்டிகள் போய்விட்டன. ஒன்று கீழே விழுந்து போனது, ஒன்றில் தண்ணீர் இறங்கியது, ஒன்று காரணமே இல்லாமல் செத்தது. ஒவ்வொரு தரமும் அதே ஸ்பீக்கரை அடுத்த பெட்டிக்கு மாற்றினேன். மலையில் பனி அதிகம், கடதாசி நைந்துகொண்டே வந்தது. கோந்து தடவி ஒட்டுவேன். ஒட்டியதும் சத்தம் கொஞ்சம் மாறிவிடும். அவன் இரண்டு நாள் சாப்பிடமாட்டான், பிறகு பழகிக்கொள்வான்.

"இது இன்னும் எத்தன காலம் ஈக்கும் தம்பி?" என்று அக்கா ஒருமுறை என்னைப் போல 'இருக்கும்' என்பதை 'ஈக்கும்' என்று சொல்லிக் கேலி செய்தார்.

"ஒரு வருஷம் ஈந்தா பெரிய விஷயம் அக்கா."

"உண்மையச் சொல்லிட்டீங்களே, ஒங்களுக்கு வியாபாரமே தெரியல்ல" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

போன வருடம் மழை பிடித்தபோது மலையில் மரம் விழுந்து கரண்ட் கம்பி அறுந்தது. மூன்று நாள் கரண்ட் இல்லை. பெட்டிக்கு ஏற்ற வழியில்லாமல் மூன்று நாளும் அக்கா வேலைக்குப் போகவில்லை. அடுத்த கிழமையும் அதே கதை. இதற்கு முடிவு கட்டுகிறேன் என்று சொல்லி, பெரிய பற்றரி ஒன்றைத் தேடிப்பிடித்துப் பெட்டிக்குப் பின்னால் பொருத்திக் கொடுத்தேன். ஒரு தரம் ஏற்றினால் இரண்டு நாள் இரவும் பகலும் பாடும். காசு வாங்கவில்லை. நாலு மணிக்கு வந்து கையால் நிறுத்தினால் சரி. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி ஒங்களுக்கு ஒரு கொறையும் வைக்காது" என்றார். நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன், வேலை நாளில், அக்கா கடைக்கு வந்தார். கன்னத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கன்றிக் கறுத்திருந்தது. கதிரையை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

சனிக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வந்திருக்கிறார். கதவை உள்ளே தாழ் போட்டிருக்கிறார். மகனிடம் போவதற்கு முன்னால் தேத்தண்ணீருக்கு அடுப்பை மூட்டிவிடலாம் என்று குனிந்தவர்தான், அப்படியே சரிந்துவிட்டார். கண் விழித்தபோது விடிந்திருந்தது. பெட்டி பாடிக்கொண்டே இருந்திருக்கிறது. எஸ்ரன் அவருக்கு முதுகைக் காட்டியபடி, இடுப்பில் நனைந்த சாரத்தோடு, சாப்பாடு இல்லாமல், வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் காளிமுத்துவின் குடும்பம். மெல்லிய சுவர், இருமினாலும் கேட்கும்.

"நான் எழும்பிப் போய்ச் சொன்னேன் தம்பி. காளிமுத்து பொஞ்சாதி அழுதிருச்சு. பாட்டுக் கேட்டுக்கிட்டே இருந்திச்சா, நீ நல்லாத்தான் இருக்கேன்னு நெனச்சோம்னு சொல்லுது."

ஆஸ்பத்திரியில் இருதய வால்வு பழுது என்று சொல்லியிருக்கிறார்கள். ஒப்பரேஷனுக்குப் பெயர் எழுதியிருக்கிறார்கள், முறை எப்போது வருமென்று தெரியாது. வார்டில் நிற்கச் சொன்னார்களாம். மகனை யாரிடம் விடுவது என்று கேட்டதற்கு அவர்களாலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சொந்தப் பொறுப்பில் வீட்டுக்குப் போவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். இன்னொரு தரம் இப்படி விழலாம், எந்த நாளும் விழலாம் என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பிறகு பையிலிருந்து பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இந்தப் பெரிய பற்றரியக் கழட்டிருங்க தம்பி. பழையபடி ஒம்பது மணித்தியாலத்துல நிக்கட்டும்."

"என்ன அக்கா செல்றீங்க? மழை வருது. திரும்ப கரண்ட் போனா அந்தப் புள்ள செவுத்துல மோதுவானே."

"மோதட்டும். மோதினாத்தான் சனம் வரும். இது பாடிக்கிட்டே இருந்தா யாரும் வரமாட்டாங்க. நான் செத்துக் கெடந்தாக்கூட ரெண்டு நாளும் அவன் அப்படியே உக்காந்திருப்பான். தண்ணி கூடக் கேக்கத் தெரியாது அவனுக்கு."

நான் நல்லது என்று நினைத்துச் செய்த வேலை, ஒரு இரவு முழுக்க ஒரு பெண்ணைத் தரையில் கிடத்தி வைத்திருக்கிறது. திருகாணி இரண்டு தரம் கீழே விழுந்தது. பெரிய பற்றரியைக் கழற்றி, பழைய மாதிரிப் பற்றரியைப் போட்டு, ஸ்பீக்கரையும் ஒரு பார்வை பார்த்தேன். கடதாசி இன்னும் நாலைந்து மாதம் தாங்கினால் அதிசயம். அதை அவரிடம் சொன்னேன். சரி என்றார், நாளைக்கு மழை என்று சொன்னால் சொல்வது போல.

பெட்டியைக் கையில் வாங்கி, குறைந்த சத்தத்தில் வைத்து, ஒரு பாட்டை முழுதாகக் கேட்டார். நிறுத்திப் பைக்குள் வைத்தார். நான் கேட்டிருக்கக் கூடாது, ஆனாலும் கேட்டேன்.

"அவன் கத்தி, சனம் வந்து, கதவத் தொறந்தாங்கண்டே வெச்சுக்கோங்களேன். அதுக்குப் பொறகு அவன யாரு பாக்குற?"

அக்கா பஸ் பக்கம் பார்த்தார். ஹந்தானை பஸ் புறப்படத் தயாராக நின்றது.

"அது எனக்குத் தெரியாது தம்பி" என்றார். "கதவு தொறக்குற வரைக்குந்தான் நான் யோசிச்சு வெச்சிருக்கேன்."