பளிங்கு வீட்டுக் கடல்

பளிங்கு என்பது கடையில் அவருக்கு வைத்த பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து, துடைத்து, விளக்கில் பிடித்துப் பார்த்து, போதும் விடுங்க என்று யாராவது கத்திய பிறகும் இன்னொரு தடவை துடைத்துத்தான் கையிலிருந்து விடுவார். அதோடு நின்றாலும் பரவாயில்லை. பேருந்தில் பக்கத்தில் இருப்பவரின் கண்ணாடியில் கைரேகை தெரிந்தால் இவருக்குக் கை அரிக்கும். "ஒரு நிமிஷம் குடுங்க சார்" என்று முன்பின் தெரியாத ஒருவர் மூக்கிலிருந்தே கழற்றித் துடைத்துக் கொடுத்திருக்கிறார். அந்த ஆள் அடிக்காமல் விட்டது இவர் செய்த புண்ணியம்.

இப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்குள் ஒரு கடலை வைத்துக்கொண்டால் கேட்க வேண்டுமா? ஹாலில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நின்றது தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், பாறை, ஆரஞ்சு நிறத்தில் கோமாளி மீன் ஜோடி, எப்போதும் கோபமாக இருக்கும் மஞ்சள் மீன் ஒன்று, பிறகு பவளங்கள். பவளம் என்றதும் மோதிரத்தில் பதிக்கிற கல்லை நினைக்க வேண்டாம். செடி மாதிரிக் கிளை விட்டாலும் அது உயிருள்ள பிராணி, தண்ணீர் சரியில்லை என்றால் செத்துப்போகும். தொட்டிக்குக் கீழே அலமாரியைத் திறந்தால் பம்பு, வடிகட்டிப் பை, அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் ஸ்கிம்மர் என்று ஒரு குட்டித் தொழிற்சாலையே ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்கு அப்படி ஒரு தெளிவு; மீன்களெல்லாம் பாறைக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு நாளில் மின்சார வேலைக்கு வந்தவர், "இதுல எப்ப சார் தண்ணி ஊத்தப் போறீங்க?" என்று கேட்டுவிட்டார். பளிங்குக்கு உச்சி குளிர்ந்துபோய், அவருக்குக் காபி கொடுத்துத்தான் அனுப்பினார்.

தொட்டியின் ராணி ஓர் ஊதா நிறப் பவளம். கல்யாணமான புதிதில் மனைவி விரல் நீளத் துண்டாக வாங்கி வந்து, "இதையாவது துடைக்காம வளருங்க" என்று கையில் கொடுத்தது. இப்போது இரண்டு கை விரித்த அகலத்துக்கு வளர்ந்திருந்தது. மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்துப் பழகியதால், வீட்டிலும் எங்கே மிதிக்க வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தனியாக இருந்த தன் அப்பாவை அவள்தான் பிடிவாதமாக வீட்டுக்கு அழைத்து வந்தாள். மாமனார் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கேண்டீனில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயிரம் பேருக்கு வடித்துக் கொட்டிய கை இப்போது மடியில் சும்மா கிடந்தது. சமையலறைக்குள் போனால், "ஓய்வா இருங்கப்பா" என்று மகள் விரட்டிவிடுவாள். மருமகனோடு பேச்சு, வாங்க மாப்பிள்ளை, சரிங்க மாமா என்பதைத் தாண்டியதில்லை.

அவர் வந்த சில மாதங்களில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஊதாப் பவளம் முன்பு எப்போதும் இல்லாத அளவுக்குக் கருஊதாவாகி, புதுப்புதுக் கிளையாக விட்டது. அதற்குத் தன் கைராசிதான் காரணம் என்று பளிங்கு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கூடவே தொட்டியின் கண்ணாடியில் தினமும் பச்சையாக ஒரு படலம் படிந்தது, தண்ணீரும் லேசாக மங்கியது. இது மட்டும் யாருடைய கைராசி என்று அவருக்கு விளங்கவில்லை. ஸ்கிம்மரைக் கழற்றிக் கழுவினார். பையை மாற்றினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாள் கடையில் மின்சாரம் போனதால் மதியமே வீடு திரும்பினார். ஹாலில் பேச்சுக்குரல் கேட்டது.

"என்னடா கண்ணு, நீ மட்டும் ஒதுங்கி நிக்கிற? வா, வந்து வாங்கிக்க. ஏய் மஞ்சளு, அடுத்தவன் பங்குல வாய வைக்காத!"

மாமனார் தொட்டி மேல் குனிந்து, டப்பாவிலிருந்து மீன் தீனியைக் கிள்ளிக் கிள்ளித் தூவிக்கொண்டிருந்தார். மீன்கள் அவர் விரலைச் சுற்றி மொய்த்துக் கிடந்தன. சொந்தக்காரரைக் கண்டால் பாறைக்குப் பின்னால் ஓடி ஒளிகிற அதே மீன்கள். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தைவிட, அதுதான் பளிங்குக்குச் சுருக்கென்றது.

"மாமா, என்ன பண்றீங்க?"

"ஒரு சிட்டிகைதான் மாப்பிள்ளை. பாவம், கண்ணாடிக்குப் பக்கத்துல வந்து வாய வாயத் திறக்குதுங்க. பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியல."

"மீன்னா வாயத் திறக்கத்தான் செய்யும்! தண்ணியே கெட்டுப்போச்சு. நான் இவ்ளோ நாளா மண்டைய ஒடச்சிக்கிட்டு இருக்கேன்..." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "இனிமே இது உங்க கேண்டீன் இல்லன்னு ஞாபகம் வச்சுக்கோங்க மாமா."

மாமனார் டப்பாவை மூடி இருந்த இடத்திலேயே வைத்தார். "சரிங்க மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போனார். அதற்குப் பிறகு ஹால் பக்கம் அவர் வருவது குறைந்தது. சில வாரங்கள் கழித்து, மகன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று மகளிடம் சொன்னார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று அவள் கேட்டதற்கு, மகனுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார்.

பளிங்கோ வெறி பிடித்தவர் போலச் சுத்தத்தில் இறங்கியிருந்தார். பழைய ஸ்கிம்மரைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு மடங்கு பெரியதைப் பொருத்தினார். தூசிகூடத் தப்பாத பையாகத் தேடிப் பிடித்தார். தானே போடும் தீனியையும் பாதியாகக் குறைத்தார். தண்ணீர் தெளிந்தது பாருங்கள், அப்படி ஒரு தெளிவு! ஊதாப் பவளமும் வெளிறி இளஞ்சிவப்பாக மின்ன, அவருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியைக் கைபிடித்து இழுத்து வந்து காட்டினார்.

அவள் குனிந்து பார்த்தாள். "சுத்தம்!" என்றாள்.

"பாத்தியா! நான்தான் சொன்னேன்ல?"

"ஐயோ, நான் சொன்ன சுத்தம் வேறங்க. போச்சு, எல்லாம் போச்சுங்கிற சுத்தம். நுனியெல்லாம் எலும்பாட்டம் வெளுத்துக் கிடக்கு, கண்ணு தெரியலையா? கண்ணாடிக் கடையில வேற வேலை பாக்கிறீங்க!"

அப்போதுதான் அவர் தொட்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தார். கிளை நுனிகளில் உயிரே இல்லை. அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. தண்ணீரை மாற்றினார், இன்னும் கழுவினார், இன்னும் வடிகட்டினார். வெள்ளை நுனியிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வந்தது. மனைவி பவளத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். திட்டினாலாவது தேவலை என்றிருந்தது அவருக்கு. எத்தனையோ வருஷம் அவளும் அவருமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த ஜீவன் அது. அது செத்தால் இந்த வீட்டில் எதை வைத்துக்கொண்டு என்ன பயன் என்று பாத்ரூமில் போய்க் கொஞ்சம் அழவும் செய்தார்.

கடைசியில் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு மீன் கடைக்கு ஓடினார். கடைக்காரர் அதில் சொட்டு சொட்டாகச் சோதனை மருந்து விட்டு, நிறம் மாறுவதற்குக் காத்திருந்தார். மாறவில்லை. இன்னொரு மருந்தை விட்டார். அதற்கும் மாறவில்லை.

"இதுல ஒண்ணுமே இல்லையேண்ணா! இது கடல் தண்ணியா, ஊசி போடுற தண்ணியா?"

"அப்ப நல்லதுதானே?"

"யாருக்கு நல்லது? மீன் தின்னு போடுற அழுக்கு கொஞ்சம் தண்ணில இருந்தாத்தான் பவளத்துக்குச் சாப்பாடு. நீங்க எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டீங்க. பட்டினி கிடக்குதுண்ணா அது. ஆமா, போன தடவ போட்டோ காட்டினீங்களே, ஊதா நிறத்துல அப்படி இருந்துச்சு! அப்ப என்ன போட்டுக்கிட்டு இருந்தீங்க?"

பளிங்குக்கு மாமனார் கையிலிருந்த தீனி டப்பா கண் முன்னால் வந்து நின்றது.

"நான் ஒண்ணும் போடல" என்றார். முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மாமனாரின் பை வாசலில் தயாராக இருந்தது. மகன் சாயங்காலம் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. மனைவி வகுப்பெடுக்கப் போயிருந்தாள். பளிங்கு நேராகப் போய்ப் பெரிய ஸ்கிம்மரை நிறுத்தினார், தூசிப் பையை உருவி எறிந்தார், தீனி டப்பாவை எடுத்தார். டப்பாவோடு மாமனாரின் அறை வாசலில் போய் நின்றார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத நாக்கு வேறு எதையோ சொன்னது.

"மாமா, அதுங்களுக்குப் பசிக்குது."

மாமனார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீங்களே போடுங்க மாப்பிள்ளை. நான் போட்டாத் தண்ணி கெட்டுடும்."

"கெடட்டும் மாமா."

மாமனாரின் விரல் பொத்தானிலேயே நின்றது. பளிங்கு எல்லாவற்றையும் சொன்னார். பவளம் தழைத்தது தன் கைராசியால் இல்லை, யாருடைய கை என்று தெரிந்துகொள்ளாமல் பெருமையடித்தேன், கேண்டீன் என்று சொன்ன வாயைக் கழுவ வேண்டும், இந்தத் தடவை நிஜமாகவே கழுவ வேண்டிய இடம் அதுதான் என்றார். மாமனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எழுந்து டப்பாவை வாங்கி, தொட்டிப் பக்கம் நடந்தார்.

"எவ்வளவு போடணும்னு சொல்லிடுங்க மாப்பிள்ளை. அப்புறம் வம்பு வேண்டாம்."

"உங்க கை அளவு மாமா. அதுதான் அளவு."

பவளம் உடனே எழுந்து உட்கார்ந்துவிடவில்லை. இரண்டு கிளை செத்தே போனது, உடைத்து எடுக்க வேண்டியதாயிற்று. மீதி முதலில் அழுக்குப் பழுப்பாகி எல்லோரையும் பயமுறுத்தியது. பிறகு ஒரு காலையில் அடிக்கிளையில் ஊதா தெரிந்தது. மனைவி கார் சாவியை அப்படியே கையில் வைத்துக்கொண்டு தொட்டி முன்னால் நின்று, அன்றைய வகுப்புக்குத் தாமதமாகப் போனாள். கண்ணாடியில் பச்சைப் படலம் திரும்பியும் வந்துவிட்டது. பளிங்கு தினமும் முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தார்.

அன்று சாயங்காலம் அப்பாவும் பையும் இல்லாமல் திரும்பிப் போன மகன் மறுபடி போன் செய்தான். மாமனார் ஒரு கையில் போனும் மறு கையில் டப்பாவுமாகத் தொட்டி முன்னால் நின்றிருந்தார்.

"எப்பப்பா வரப் போறீங்க?"

"நான் எங்கடா வர்றது? இங்க இத்தனை வாயி என்னையே பாத்துக்கிட்டு இருக்கு."