ஏரிக்கரையில் இலை அடுக்கியவள்

எங்கள் தெருவில் அவரை டைல்ஸ்காரர் என்போம். பாதி வீடுகளின் குளியலறைத் தரை அவர் கைவேலை. வாய் ஓயாத மனிதர். வேலை செய்யும் வீட்டில் எல்லாரையும் சிரிக்கவைத்து இரண்டாவது டீயும் வாங்கிக் குடித்துவிடுவார். அவர் மனைவி தையலக்கா, முன்னறையில் மெஷின் போட்டிருந்தார். அளவெடுக்கும்போதே, "கொஞ்சம் லூசா வைக்கிறேன், சாப்பாட்டைக் குறைக்கவா போறே?" என்பார். இவர்கள் ஒருவரையொருவர் வாருவதைக் கேட்கவே துணி கொடுக்கப் போகலாம்.

அறுபதுகூட ஆகாத தையலக்காவுக்கு மறதி வந்தது. என் ஜாக்கெட்டுக்கு ஒரு கை மட்டும் வைத்துத் தைத்திருந்தார். நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார். பிறகு பெற்ற மகளிடமே, "யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ?" என்று கேட்டார். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்குள் இருந்தால் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார். அதனால் டைல்ஸ்காரர் காலை வேலைகளை விட்டுவிட்டு அவரை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒருநாள் மரத்தடியில் உட்கார்ந்த தையலக்கா, மண்ணைத் தட்டிச் சமன்செய்து, பழுத்த இலைகளை அடுக்க ஆரம்பித்தார். நடுவில் ஒரு கூழாங்கல், சுற்றி மஞ்சள் இலை, அதற்கு வெளியே சிவப்பு, ஓரத்தில் காய்ந்த விதைக்கூடுகள். யாரும் சொல்லித் தரவில்லை. ஊசியில் நூல் கோக்க மறந்துபோன விரல்கள், இலையோடு இலையை மடிப்பு மாதிரி ஒட்டிவைத்தன.

பழக்கதோஷத்தில் டைல்ஸ்காரர் கோணலாக இருந்த ஓர் இலையை நகர்த்தப் போனார். கையில் பட்டென்று ஓர் அடி.

"தொடாதீங்கண்ணே. அது அப்படித்தான் இருக்கணும்."

அத்தனை வருஷம் "ஏங்க" என்று கூப்பிட்ட வாய், முதல்முறையாக "அண்ணே" என்றது. டைல்ஸ்காரர் எழுந்துபோய்த் தண்ணீரைப் பார்த்தபடி நின்றாராம். பிறகு திரும்பி வந்து, "சரிம்மா, தொடல. இலை பொறுக்கித் தரட்டுமா?" என்று கேட்டாராம்.

தினமும் அடுக்கினார்கள். மறுநாள் காற்று கலைத்திருக்கும், புதிதாகத் தொடங்குவார்கள். நடக்க வருகிறவர்கள் சுற்றிப் போனார்கள். சிலர் ஒரு பூவையோ இறகையோ பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள்.

நானும் ஒருநாள் போனேன். "யாருக்குக்கா இவ்ளோ அழகா?"

"எங்க வீட்டுக்காரருக்கு. வேலை முடிஞ்சு இந்த வழியாத்தான் வருவாரு."

பக்கத்தில் மண்டியிட்டிருந்த டைல்ஸ்காரர் தலை நிமிராமல் கேட்டார்: "நல்ல மனுஷனாம்மா அவரு?"

"வாய்தான் ஜாஸ்தி. மத்தபடி தங்கம்."

டைல்ஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணில் தூசி என்றார். "ஊதி விடட்டுமாண்ணே?" என்று கேட்டார் தையலக்கா. நான் அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

மகளுக்குத்தான் பொறுக்கவில்லை. "நீங்கதான் அவருன்னு சொல்லித் தொலைங்கப்பா!" என்று சண்டை போட்டாள். ஒருநாள் அவரும் சொல்லிப் பார்த்தார். தையலக்கா மிரண்டு பின்னால் நகர்ந்தார். "என்னண்ணே இப்படிப் பேசுறீங்க? உங்களை நம்பித்தானே கூட வந்தேன்?" என்று அழுதார். அடுக்கியதையெல்லாம் காலால் கலைத்தார். அன்று வீடு வரைக்கும் அவரை ஒட்டி நடக்காமல் தள்ளித் தள்ளியே வந்தார். அதற்குப் பிறகு டைல்ஸ்காரர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மழைக்காலத்தில் தையலக்காவுக்குக் காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டே, "அண்ணே, அவரு வந்தா சாப்பிடச் சொல்லுங்க. எனக்காகக் காத்திருக்க வேணாம்" என்றார்.

"சொல்றேம்மா," என்றார் டைல்ஸ்காரர்.

அன்று மத்தியானமே தையலக்கா போய்விட்டார்.

வீட்டைக் காலி செய்த அன்று டைல்ஸ்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்ததும் சொன்னார்: "கடைசி வரைக்கும் அவ பக்கத்துலயேதான் இருந்தேன். ஆனா, அவ புருஷன் வரவே இல்லையேம்மா."

மகள் வந்து அவர் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினாள். இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறார். மறுபடி வேலைக்குப் போகிறாராம்.