வேதவல்லியின் திராட்சைத் தோட்டம்

"பெயர்: யுவராணி. தொழில்: ஏலத்தோட்டக் கூலி. தனித்திறன்: ஏதுமில்லை." கூலித் தொழிலாளர்களுக்கென்று நடந்த முகாமில், பாதி கேட்டும் பாதி கேளாமலும் ஒருவர் அடித்துக் கொடுத்த அட்டை இப்படிச் சொல்கிறது. பெயர் சரி. தொழிலும் சரி. மூன்றாவது வரியை, விடிவதற்கு முன் சுருளிப்பட்டியில் கிளம்பிக் கம்பம்மெட்டு மலை ஏறும் ஜீப்பில் வாசித்துக் காட்டினால் வண்டி குலுங்கச் சிரிப்பார்கள்.

அந்த ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் எல்லாரும் உயிராக நேசிக்கும் தொடர் இரவு ஒன்பதரைக்கு வருகிறது. கருக்கலில் எழுந்து சோறு கட்ட வேண்டியவர்களுக்கு ஒன்பதுக்கே கண் சொருகிவிடும். ஆகவே, நேசிப்பவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. யாராவது ஒருத்தி விழித்திருந்து பார்த்து, மறுநாள் மலை ஏறும்போது கதை சொல்ல வேண்டும். சொல்பவளுக்கு ஓட்டுநர் சுருளியாண்டியின் பக்கத்தில் முன்சீட்டு.

யுவராணிக்கு அந்தச் சீட்டு வேலையைவிட முக்கியம். அது இல்லாவிட்டால் வேலையே இல்லை. பின்பெஞ்சில் உட்கார்ந்தால் இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே குடல் வாய்க்கு வந்துவிடும். நாள் முழுக்கச் சுருண்டு கிடப்பவளை எந்தத் தோட்டத்திலும் ஏலக்காய் எடுக்க வைத்துக்கொள்ள மாட்டார்கள். முன்சீட்டிலும் அவள் பின்னால் திரும்பித்தான் உட்காருவாள். மற்றவர்களுக்கு அப்படி உட்கார்ந்தால்தான் தலை சுற்றும். கதை சொல்லும்போது அவளுக்குச் சுற்றுவதில்லை.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். அவளும் முதல் விளம்பரத்திலேயே தூங்கிவிடுவாள்.

முதலில் கதையில் விழுந்த சின்னச் சின்ன ஓட்டைகளைத் தானே அடைத்தாள். மூத்த மருமகள் வேதவல்லியை மாமியார் வீட்டைவிட்டுத் துரத்திய அன்று மட்டும் தற்செயலாகக் கடைசிவரை விழித்திருந்தாள். வேதவல்லி வாசற்படியில் விழுந்து கதறினாள். யுவராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'இவ அப்படிச் செய்யிற பொம்பளை இல்லையே.' மறுநாள் ஜீப்பில் வேதவல்லி அழவில்லை. போகிறபோது தண்ணீர் மோட்டாரின் பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் புடவைக்குள் வைத்துக்கொண்டு போனாள். பங்களாவில் மூன்று நாள் யாரும் குளிக்கவில்லை. ஜீப் செக்போஸ்ட் வரைக்கும் சிரித்தது.

அதன்பின் தொடர் ஒரு பக்கம் போனது. வேதவல்லி ஒரு பக்கம் போனாள். கதை எழுதுகிறவர் மாறியிருந்தார், நடிக்கிற பெண்ணும் ஒருமுறை மாறியிருந்தாள். வேதவல்லிக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவளை விட்டுப் பிரியாதவள் தான் ஒருத்திதான் என்பதில் யுவராணிக்குச் சந்தேகமில்லை. வழிதவறியது தொடர்தான். இப்போது வேதவல்லி ராயப்பன்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைத் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தாள்.

அப்போதுதான் ஜோதிலட்சுமி வேலைக்கு வந்தாள். யுவராணியின் தம்பி பொண்டாட்டி, வருசநாட்டுப் பெண். கையில் செல்போன் இருந்தது. முந்தின இரவுத் தொடரை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதிலேயே பார்த்துவிடுவாள்.

"மதினி, என்னா திராட்சை? என்னா தோட்டம்? வேதவல்லி போன வாரமே செத்துப்போச்சே. போட்டோவுக்கு மாலை போட்டாச்சு."

"என்னாது, செத்துட்டாகளா?" என்றாள் பின்பெஞ்சுப் பஞ்சம்மாள். "நேத்துத்தானடி கொடிக்கு மருந்தடிச்சாக?"

"மருந்தும் அடிக்கல, மாத்திரையும் போடல. அம்புட்டும் மதினி விட்ட கதை."

பஞ்சம்மாள் யுவராணியைப் பார்த்தாள். "ஏத்தா, வேதவல்லி ஆக்சிடெண்டுல பொழைக்கணும்னு நான் மாவூத்து வேலப்பருக்கு நேர்ந்துக்கிட்டு முடியெறக்கிட்டு வந்தேனே, அதுவும் நீ விட்டதுதானா?"

யுவராணி முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். சுருளியாண்டி தொண்டையைச் செருமினார். "பாத்தவுகதான் சொல்லணும். நாளைலருந்து ஜோதி முன்னாடி வரட்டும்."

மறுநாள் யுவராணி பின்பெஞ்சுக்குப் போனாள். ஜோதிலட்சுமி பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். யார் எந்தக் கலர் சேலை, எந்த இடத்தில் விளம்பரம், எதற்கு எத்தனை தடவை முகத்தைக் காட்டினார்கள், எல்லாம். ஒரு பொட்டுப் பிசகில்லை. முதல் வளைவில் இரண்டு பேர் தூங்கினார்கள். சுருளியாண்டி கொட்டாவி விட்டார். இரண்டாவது வளைவில் யுவராணி கதவைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஓரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

பஞ்சம்மாள் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தாள். முதுகைத் தடவியபடி, ஜீப்புக்குக் கேட்காத குரலில், "ஏத்தா, அந்தக் கொடி காய் புடிச்சுச்சா இல்லையா? அதைமட்டும் சொல்லிரு" என்றாள்.

ஜீப்புக்குக் கேட்டுவிட்டது.

"செத்தவுக எப்பிடிக் காய் பறிப்பாக?" என்றாள் ஜோதிலட்சுமி, முன்சீட்டிலிருந்து தலையை நீட்டி.

யுவராணி நிமிர்ந்தாள். பொய் என்று ஒத்துக்கொண்டால் அத்தோடு முடிந்தது. இந்த மலையை நாளைக்கு அவளால் ஏற முடியாது. ஆனால் அந்த நிமிடம் அவளுக்குச் சீட்டு நினைவில்லை. வேதவல்லிக்கு மாலை போட்டதுதான் பொறுக்கவில்லை.

"அவ சாகுற ஆளாடி? மாலை போட்டது யாரு? அந்த வீட்டு ஆளுக. செத்துட்டான்னு ஊரை நம்ப வச்சாத்தான அவ பங்குச் சொத்தை எழுதிக்கிற முடியும்? நீதான் கண்ணால பாத்தவளாச்சே, சொல்லு. பொணத்தைக் காட்டுனாகளா?"

ஜோதிலட்சுமி யோசித்தாள். பார்த்ததைப் பார்த்தபடி மட்டுமே சொல்லத் தெரிந்தவள் அவள்.

"காட்டல மதினி," என்றாள் மெதுவாக. "போட்டோவைத்தான் காட்டுனாக." பிறகு, "அப்ப அவுக அங்கன தோட்டத்துலயா இருக்காக? மாமியாருக்குத் தெரியாதா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கிப் பின்பெஞ்சுக்குப் போனாள்.

"ஏறுங்கத்தா, நேரமாச்சு," என்றார் சுருளியாண்டி.

யுவராணி வாய் கொப்பளித்துவிட்டு முன்சீட்டில் ஏறி, பின்னால் திரும்பி உட்கார்ந்து, வேதவல்லியைத் திராட்சைக் குலை வெட்ட அனுப்பினாள்.